ஒன்பது தாடிக்காரரும் இரண்டு தலை நாயும்

1

சென்ற செவ்வாய்க்கிழமை ஒரு பெண் என் கடைக்கு வந்தார். தன் லான்டிங் பேப்பரை மேசையில் வைத்து, "அண்ணை, இதை உரிச்சுத் தாங்கோ" என்றார்.

லான்டிங் பேப்பர் என்றால் என்னவென்று ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லவேண்டும். கனடாவில் நிரந்தரமாக இருக்கலாம் என்று அரசாங்கம் தரும் தாள். அது கிடைக்கும்வரை நாங்கள் கும்பிடாத கோயில் இல்லை. கிடைத்த பிறகு கும்பிடுவது அந்தத் தாளைத்தான். கிடைத்த கையோடு என்னிடம் ஓடிவந்து லமினேற் செய்வார்கள். அதாவது இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்து, சூடாக்கி, சாகும்வரை பிரியாதபடி ஒட்டிவிடுவது. மல்வேர்னில் ஒரு பிளாசாவில், பலசரக்குக் கடைக்கும் முடிதிருத்தும் கடைக்கும் நடுவில், நான் செய்யும் தொழிலில் பாதி அதுதான். மீதி, பாஸ்போட் படம் எடுப்பது, போட்டோக்கொப்பி அடிப்பது, கொழும்புக்கு ஃபாக்ஸ் அனுப்புவது.

பிளாஸ்டிக் போட்ட தாள் செல்லாது என்று ஏதோவொரு அரசாங்கக் கந்தோரில் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எனக்குக் கோபம் வந்தது.

"ஆர் உங்களுக்கு இப்பிடிச் செய்து தந்தது?"

"நீங்கள்தான் அண்ணை."

புதுத் தாளுக்கு எழுதிப் போடவேண்டிய படிவத்தை நிரப்பிக் கொடுத்து, காசு வாங்காமல் அனுப்பிவைத்தேன். அவர் போன பிறகு திரும்பிச் சுவரைப் பார்த்தேன். அங்கே ஒன்பது தாடிக்காரரும் ஓர் இரண்டு தலை நாயும் பிளாஸ்டிக்குக்குள் பளபளத்துக்கொண்டிருந்தார்கள். இது அவர்கள் என் சுவருக்கு வந்த கதை. சரியாகச் சொன்னால் என் பொறாமையின் கதை. கனடாவுக்கு வரும்போது நான் நனையாமல் கொண்டுவந்து சேர்த்த ஒரே பொருள் அதுதான்.

2

குணா அண்ணை மோர்னிங்சைட்டில் இருக்கிறார். என் மனைவி ரஞ்சிக்கு ஏதோவொரு வழியில் அண்ணன் முறை. எழுபதுகளிலேயே வந்தவர். இந்த நகரத்துத் தமிழர்களை இரண்டாகப் பிரிக்கலாம். கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, வேலைக்கான கடிதத்தோடு நேராக விமானத்தில் வந்து இறங்கியவர்கள் ஒரு வகை. கிடைத்த வழியில், சில வேளை கிடைத்த பெயரில், வந்து சேர்ந்த நாங்கள் மறு வகை. அவர்களில் சிலர் எங்களைக் கண்டால் பஸ் தரிப்பிடத்தில் மறுபக்கம் திரும்பி நிற்பார்கள். குணா அண்ணை அப்படியானவர் இல்லை. நான் வந்த முதல் மாரிக்குளிரில் தன் கம்பளிக் கோட்டைக் கழற்றித் தந்தவர் அவர்தான். அதன் கைகள் என் விரல்நுனியையும் தாண்டித் தொங்கின. அவர் என்னைவிட உயரம் என்பதை அந்த மாரி முழுவதும் நானே உடுத்திக்கொண்டு திரிந்தேன்.

அவர் பேஸ்போல் படங்கள் சேர்க்கிறார். இப்போது விளையாடுகிறவர்களின் படங்களல்ல. அவற்றைச் சின்னப் பிள்ளைகளே சேர்ப்பார்கள். அவருக்கு வேண்டியது அந்த விளையாட்டின் ஆரம்ப காலத்துப் படங்கள். நூறு வருடத்துக்கும் நன்றாக முந்தியவை. உள்ளங்கை அளவு அட்டையில், தாடி வளர்த்த ஆட்கள் ஒரு தடியோடு முறைத்துக்கொண்டு நிற்பார்கள். அந்தக் காலத்துக் கமராவுக்கு முன்னால் அசையக்கூடாதாம். அசைந்தால் முகம் புகையாகிவிடும். அதற்காகப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியை வைத்துத் தலையை முட்டுக்கொடுத்துப் பிடிப்பார்கள். அதன் அடிப்பாகம் சப்பாத்துக்குப் பின்னால் தெரியும். "ஆளுக்கு மூண்டாவது கால் தெரிஞ்சால் நல்ல பழசு" என்பார் குணா அண்ணை.

தொடங்கிய விதத்தையும் அவரே சொல்வார். "வந்த முதல் விண்டர். குளிர் தாங்கேலாமல் ஒரு பழைய சாமான் கடைக்குள்ளை பூந்திட்டன். கடைக்காரன் என்னையே பாத்துக்கொண்டு நிண்டான். சும்மா நிக்கக் கூச்சமாக் கிடந்துது. கையிலை அம்பிட்ட படத்தை வாங்கினன். கிரிக்கெற் ரீம் எண்டு நினைச்சு." அறைக்குக் கொண்டுபோய் விக்கெற்றைத் தேடியிருக்கிறார். விக்கெற் இல்லை. அன்று தேடத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை.

அந்தப் படங்களுக்கென்று வீட்டில் ஓர் அறை. கோடையிலும் மாரியிலும் ஒரே குளிர்மை. வெயில் படாதபடி தடித்த திரை. காற்றில் எவ்வளவு ஈரம் என்று காட்டச் சுவரில் ஒரு மானி. ஒவ்வொரு படமும் அமிலமில்லாத தாளில் சுற்றப்பட்டு, தனித்தனிப் பெட்டியில் படுத்திருக்கும். உள்ளே போக முதல் கை கழுவவேண்டும். பிறகு வெள்ளைப் பருத்திக் கையுறை. தேத்தண்ணிக்கு வாசலோடு தடை. படத்தின் தாளுக்கு முட்டை வெள்ளைக்கரு பூசியிருக்கிறார்கள், அதனால்தான் இவ்வளவு கவனம் என்று ஒருநாள் விளக்கினார். ரஞ்சி உடனே கையை எடுத்துவிட்டாள். "இண்டைக்கு வெள்ளிக்கிழமை அண்ணை. தொடலாமோ?"

அந்த நேரம் நான், ரஞ்சி, மகள் மதுரா மூவரும் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருந்தோம். சுவரில் ஈரம் ஊறும். அதை அறிய எங்களுக்கு மானி தேவையில்லை, மதுராவின் இருமல் போதும். செத்துப்போன தாடிக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியில் கால்நீட்டிக் கிடக்க, உயிரோடிருக்கும் நாங்கள் மூன்றுபேரும் ஓர் அறையில். எந்த அதிகாரியும் அவர்களைக் கூப்பிட்டு, ஏன் வந்தாய், எப்படி வந்தாய், என்ன அத்தாட்சி என்று கேட்கப்போவதில்லை. எனக்கு முதலில் பொறாமை வந்தது குணா அண்ணைமேல் இல்லை. அந்தத் தாடிகள்மேல்தான்.

குணா அண்ணைமேல் வந்தது ஆங்கிலப் பத்திரிகை ஒன்றினால். அவரையும் அவருடைய படங்களையும் பற்றி அதில் அரைப் பக்கம் போட்டிருந்தார்கள்.

"இஞ்சை பாருங்கோப்பா" என்றாள் ரஞ்சி. "எங்கடை ஆள் ஒருத்தர் இங்கிலீஸ் பேப்பரிலை வந்திருக்கிறார். களவெடுத்தும் வரேல்லை, வெட்டுக்கொத்திலும் வரேல்லை. படம் சேத்து வந்திருக்கிறார்."

அதை வெட்டிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள். ஒட்டிய காந்தம் என் கடையின் விளம்பரக் காந்தம். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் குணா அண்ணை வெள்ளைக் கையுறையோடு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பால் இல்லாத தேத்தண்ணிக்குப் பழகிக்கொண்டேன்.

3

அடுத்த ஞாயிறே நானும் சேர்க்கத் தொடங்கினேன்.

பழைய சாமான் சந்தையில் போய், பழைய பேஸ்போல் இருக்கிறதா என்று கேட்டேன். பழைய பந்துகளைக் காட்டினார்கள். படம் என்று விளக்கியபோது, போன வருடத்து விளையாட்டு வீரர்களைக் காட்டினார்கள். எனக்குத் தாடி வேண்டும் என்று முகத்தைத் தடவிக் காட்டினேன். ஒருவன் சவரக்கத்தியை எடுத்துவந்தான்.

கடைசியில் ஒரு படம் கிடைத்தது. நல்ல தாடிகள். கையில் தடிகள். வரிசையாக நிற்கிறார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குணா அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் லென்ஸை எடுக்கவும் இல்லை.

"தம்பி, உது கூட்டுற தும்புத்தடி."

"என்ன அண்ணை?"

"உவங்கள் பேஸ்போல்காரர் இல்லை. ஐஸிலை கல்லை உருட்டிப்போட்டு முன்னுக்குக் கூட்டிக்கொண்டு ஓடுற விளையாட்டு ஒண்டு இருக்கு. அந்த ஆக்கள். வடிவாப் பாரும், நுனியிலை தும்பு தெரியுது."

ஒரு நாடு தெருக் கூட்டுவதையும் விளையாட்டாக்கி, அதற்கு அணி சேர்த்துப் படமும் எடுத்திருக்கும் என்று நான் எப்படிக் கண்டேன்? ரஞ்சி அன்று முழுவதும் தும்புத்தடியை எங்கே கண்டாலும் எடுத்து எனக்கு சல்யூட் அடித்தாள்.

மதுரா அப்போது ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் அவள் பேசும் தமிழ் பசியோடு தொடங்கிப் பசியோடு முடிந்துவிடும். மற்றதெல்லாம் ஆங்கிலம், அதுவும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில்.

"அப்பா, யூ டோன்ட் ஈவன் லைக் பேஸ்போல்" என்றாள்.

"பிடிக்கவேணும் எண்டு சட்டமோ? கொம்மாவும் எனக்குச் சமைச்சுத்தானே தாறா."

அவள் சிரிக்கவில்லை. சின்ன வயதில் என் பகிடிக்கு முதலில் சிரிப்பவள் அவள். சில மாதங்களுக்கு முன் பள்ளிக்கூட வேலைக்கென்று எங்கள் கலியாணப் படம் கேட்டிருந்தாள். படம் பிடிக்க வந்தவன் உன் அம்மாவின் அழகைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டான், அதனால் படம் இல்லை என்றேன். அதற்கும் சிரிக்கவில்லை. "வட்எவர்" என்று போய்விட்டாள். சிநேகிதப் பிள்ளைகளின் வீட்டுச் சுவர்களில் தாத்தாவுக்குத் தாத்தாவெல்லாம் தொங்குகிறார்களாம். எங்கள் சுவரில் பலசரக்குக் கடைக் கலண்டர் மட்டும்.

4

எங்கள் ஆட்கள் நகரத்துக்கு வெளியே விட்பிக்குப் போவது புதுவீடு பார்க்க. நான் போனது பழைய வீடு பார்க்க. அங்கே தோட்டக்காணிகளை உடைத்துப் புதுவீடுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி செத்துப்போய், அவருடைய பண்ணைவீட்டுச் சாமான்களைப் புல்லில் பரப்பி விற்றார்கள். ரஞ்சி பொத்தான்கள் நிறைந்த ஒரு பிஸ்கற் தகரத்தை எடுத்தாள். வீட்டுக்கு வந்து கொட்டியபோது, அடியில் அட்டைபோல் ஒன்று கிடந்தது.

ஒரு மரக் களஞ்சியம். அதன் முன்னால் ஒன்பது பேர், புல்லில். ஒருவன் கையில் தடி, ஒருவன் கையில் பந்து. காலடியில் ஒரு நாய். ஒன்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, நாய் மட்டும் தலையைத் திருப்பியிருக்கிறது. அதற்கு இரண்டு தலை.

"தும்பு இருக்கோ எண்டு பாருங்கோ" என்றாள் ரஞ்சி.

பார்த்தேன். இல்லை.

குணா அண்ணை அன்று பின்னேரமே வந்தார். இந்த முறை லென்ஸை எடுத்தார். வைத்த வடை ஆறிப்போயிற்று. அவர் நிமிரவே இல்லை.

"எங்கை எடுத்தனீர்?"

"பொத்தானுக்குள்ளை."

"தம்பி, அந்தக் காலத்திலை எல்லாரும் ஸ்ரூடியோவுக்குள்ளைதான் நிண்டவை. இது வெளியிலை, விளையாடின இடத்திலையே எடுத்தது. இப்பிடி ஒண்டுக்காக நான் எத்தினை வருசமாத் திரியிறன் தெரியுமோ? என்னட்டை இல்லை."

கடைசி வசனம் என் காதில் நாதஸ்வரமாக விழுந்தது. இன்னொருமுறை சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன்.

அடுத்த மாதம் ஒரு நூலகத்தில் அவருடைய படங்களை வைத்துக் கண்காட்சி நடக்க இருந்தது. இதையும் அங்கே வைப்போம், படத்துக்குக் கீழே உம்முடைய பெயர் போடுவார்கள் என்றார். என் பெயர், குணா அண்ணையின் பெயருக்குப் பக்கத்தில், ஆங்கில எழுத்தில், சுவரில். மதுரா கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டிருந்தாள். "ஃபோர் றியல்?" என்றாள். வருவாயா என்று கேட்டேன். சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

போகும்போது குணா அண்ணை வாசலில் நின்று சொன்னார்: "ஒண்டும் செய்யாதையும். துடைக்காதையும், வெட்டாதையும், ஒட்டாதையும். நான் தாற கடதாசிக்குள்ளை வைச்சு அப்பிடியே விடும்."

பொறாமைக்காரனின் காது வேறு மாதிரி. அவரிடம் இல்லாத பொருள் என்னிடம் இருக்கிறது. அதை ஒன்றும் செய்யாமல் விடு என்கிறார். இந்த ஈரச் சுவருக்குள், கரப்பான்களுக்கு நடுவில், ஒன்றும் செய்யாமல். கிழவர் என் படம் ஊத்தையாகட்டும் என்று காத்திருக்கிறார் என்றே எனக்குப் பட்டது.

5

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லவேண்டும். சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வந்தபோது நாங்கள் கிளாலிக் கடலைப் படகில் கடந்தோம். அப்படிக் கடந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கடக்காதவர்களுக்கு, அது இருட்டில் நடந்தது, படகுக்குள் தண்ணீர் வந்தது என்பது போதும். என் சேட்டுக்குள், நெஞ்சோடு, ஒரு பை. அதில் சான்றிதழ்கள், பிறப்புப் பத்திரம், எங்கள் கலியாணப் படங்கள். கரையில் பிரித்துப் பார்த்தபோது எல்லாம் ஒரே கட்டியாக இருந்தன. படங்களை மெல்லப் பிரித்தோம். என் முகம் என் படத்தைவிட்டுக் கழன்று ரஞ்சியின் முகத்தில் ஒட்டிக்கொண்டது. கூறைச்சேலையோடு, தலையில் பூவோடு, என் மீசையோடு அவள் நின்றாள். அந்தக் கரையில் இருந்துகொண்டு நாங்கள் இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்துவிட்டு அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

பிறகு கனடாவில் முதன்முதலாக ஒரு லமினேற்றிங் மெஷினைக் கண்டபோது எனக்கு அதன்முன் தேங்காய் உடைக்கவேண்டும் போலிருந்தது.

ஆகவே கண்காட்சிக்கு முதல்நாள் நான் செய்ததை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். இருப்பதிலேயே தடித்த பிளாஸ்டிக்கை எடுத்தேன். தாடிக்காரர்கள் ஒரு பக்கத்தால் உள்ளே போய், மறுபக்கத்தால் சூடாக, பளபளவென்று வெளியே வந்தார்கள். மூலைகளையும் வளைத்து வெட்டினேன், சட்டைப்பையில் குத்தாதபடி.

"இப்பதான் பாக்க ஒரு மரியாதையாக் கிடக்கு" என்றாள் ரஞ்சி. "இனிக் கடலுக்கை போட்டாலும் ஒண்டுமாகாது."

6

நூலகத்தில் கண்காட்சிக்குப் பொறுப்பான பெண்மணி இரண்டு கைகளையும் நீட்டி, கையுறையோடு அதை வாங்கினார். ஒருமுறை பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

அவ்வளவுதான். அவர் திட்டவில்லை. மன்னிக்கவேண்டும், இதைச் சுவரில் வைக்க முடியாது என்று மிக மரியாதையாகச் சொன்னார். அந்த நேரம் பார்த்து மதுரா இரண்டு சிநேகிதிகளோடு வந்தாள்.

"அப்பா. யூ லமினேற்றட் இற்?"

சிநேகிதிகள் நூலகத்தின் கூரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

குணா அண்ணை வந்து படத்தைக் கையில் எடுத்தார். பக்கத்தில் இருந்த சின்னப்பிள்ளைகளுக்கான கதிரையில், அவ்வளவு உயரமான மனிதர், அப்படியே உட்கார்ந்துவிட்டார். சூட்டில் தாடிகளுக்குக் குறுக்கே மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. எனக்கு அவை முதலில் தெரியவில்லை. அவர் தடவியபோதுதான் தெரிந்தன.

"முட்டையைப் பொரிச்சுப் போட்டீர் தம்பி."

"இனி உரிக்கேலாதோ அண்ணை?"

"உரிச்சால் ஆக்கள் பிளாஸ்டிக்கோடை வந்திடுவினம்." படத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஏன் ஐசே? நான் உமக்குச் சொன்னனான் எல்லோ?"

நான் பகிடியாகத்தான் தொடங்கினேன். எனக்கு வேறு மாதிரிக் கதைக்கத் தெரியாது. கிளாலியையும், பையையும், ரஞ்சியின் முகத்தில் ஒட்டிய என் மீசையையும் சொன்னேன். ஈரம் பட்டால் படம் கட்டியாகிவிடும் என்ற பயம் எனக்கு இன்னும் போகவில்லை, அதுதான் சூட்டோடு மூடினேன் என்றேன். சொல்லி முடித்தபோது மதுரா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சோ, தெயர் வோஸ் எ பிக்சர்?" என்றாள். பிறகு தமிழில், மெதுவாக: "ஏன் எனக்குச் சொல்லேல்லை? அம்மாவுக்கு மீசை வந்த கதையை ஏன் எனக்குச் சொல்லேல்லை அப்பா?"

 

குணா அண்ணை எழும்பி அந்தப் பெண்மணியைத் தனியே கூட்டிக்கொண்டுபோய் ஏதோ கதைத்தார். அவருடைய ஆங்கிலம் எழுபதுகளில் வந்த ஆங்கிலம்; அதற்குக் கதவுகள் திறக்கும். சற்றுநேரத்தில் வாசலுக்கு அருகே ஒரு மேசை போட்டார்கள். பழைய படங்களை எப்படிப் பாதுகாக்கக் கூடாது என்று ஒரு மட்டையில் எழுதி, அதற்குக் கீழே என் தாடிக்காரர்களை வைத்தார்கள். கொடுத்து உதவியவர் என்று என் பெயரையும் போட்டார்கள், எழுத்துப்பிழை இல்லாமல். குணா அண்ணை என்னைக் காப்பாற்றினாரா, கழுவில் ஏற்றினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பிறகு நடந்ததை அவரும் எதிர்பார்க்கவில்லை. அவருடைய படங்கள் உள்ளே மங்கலான வெளிச்சத்தில், கண்ணாடிக்குப் பின்னால், கயிறு கட்டிய தூரத்தில் இருந்தன. சனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு அவற்றைத் தாண்டிப் போனார்கள். என்னுடையதை மட்டும் தொடலாம். கையில் எடுக்கலாம். கிழவர்கள் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்கள். சின்னப்பிள்ளைகள் நாயின் தலைகளை எண்ணினார்கள். ஒரு குழந்தை நக்கியும் பார்த்தது. தாடிக்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மேசைக்குப் பின்னால் மதுரா நின்றாள். வருகிறவர்களுக்கெல்லாம் கடலையும் மீசையையும் ஆங்கிலத்தில் சொன்னாள். நான் சொன்னதைவிட நன்றாகச் சொன்னாள். எந்த இடத்தில் நிறுத்தினால் சிரிப்பார்கள், எந்த இடத்தில் பேசாமல் நிற்பார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு என் மகள்மேலும் பொறாமை வந்தது.

உள்ளே தன் படங்களோடு தனியே நின்ற குணா அண்ணை ஒரு கட்டத்தில் வெளியே வந்தார். கூட்டத்துக்குப் பின்னால், கையை முதுகில் கட்டிக்கொண்டு நின்றார். அவ்வளவு உயரத்திலிருந்தும் அவருக்கு மேசை தெரியவில்லை போலும், எட்டிப் பார்த்தார். அந்த எட்டலை எனக்குத் தெரியும். பால் எடுக்கப் போகும்போது குளிர்ப்பெட்டிக் கதவில் நான் பார்த்த பார்வை அது.

7

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் போன பிறகு, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் குணா அண்ணை கடைக்குள் வந்தார். போட்டோக்கொப்பி அடிக்கவேண்டும் என்று எப்போதும்போல் ஒரு சாட்டு. அடிப்பதற்குக் கையில் ஒன்றும் இல்லை.

சுவருக்கு அருகே போய் நின்றார்.

"தாருமன் தம்பி. வெடிச்சாலும் எனக்குப் பரவாயில்லை. வெளியிலை எடுத்தது என்னட்டை இன்னும் இல்லை. பதிலுக்கு என்ரை பெட்டியளிலை எது வேணுமெண்டாலும் எடும்."

"யோசிப்பம் அண்ணை."

"போன வருசமும் யோசிச்சனீர்."

"நல்லா யோசிக்கவேணும் எல்லோ."

படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். அவர் கையை நீட்டினார். பிளாஸ்டிக்கில் யாரோ ஒரு பிள்ளையின் விரலடையாளம், நாயின் இரண்டாவது தலைக்கு மேலே. வாயால் ஊதி, அவர் பார்த்துக்கொண்டிருக்க, என் சேட்டுக் கையால் மெதுவாகத் துடைத்தேன். கையுறை இல்லாமல். பிறகு திரும்பச் சுவரில் மாட்டிவிட்டு, அவருக்குத் தேத்தண்ணி ஊற்றினேன். பால் கூடுதலாகப் போட்டு.